மோதிரத்தின் உள்பக்கம்

நகைக்கடையில மோதிரம் பார்க்கேக்க எங்கட கண் முதலில் கல்லுக்குத்தான் போகும். விரலைச் சுற்றி நிற்கிற வளையத்தை ஆரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. மண்டைதீவின் கதை தெரிந்தவர்கள் வளையத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றைத் தோண்டியது. அதில் ஒரு சின்ன முத்திரை கிடைத்தது. மேலே சில குறியீடுகள், கீழே மூன்று பிராமி எழுத்துகள். 'கோவேத' என்று வாசித்தார்கள். எழுத்தின் அமைப்பை வைத்து கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். அது முத்திரை மோதிரம் ஒன்றின் பகுதியாக இருந்தது. புதைக்கப்பட்டவர் பற்றிப் பேச இன்று எங்களிடம் இருப்பது அந்த மூன்று எழுத்துதான்.

பண்ணைக்கு அப்பால் இருக்கிற மண்டைதீவுக்கு 1990 வேறு மாதிரி வந்தது. அந்த ஆண்டு புலிகள் யாழ்ப்பாணத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் கேட்டார்கள். ஒரு பவுண் 8 கிராம். தாலிக்கொடியில் கை வைக்க மனமில்லாத வீட்டில் காப்பும் மோதிரமும்தான் முதலில் போகும். ஓகஸ்டில் இராணுவம் தீவுக்குள் இறங்கியது. சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. பிடித்துக்கொண்டு போன பிள்ளைகள் திரும்பவில்லை. கிணறுகளைத் தோண்டிப் பாருங்கோ என்று குடும்பங்கள் இன்றைக்கும் கேட்கின்றன. 2025இல் செம்மணிப் புதைகுழியில் எடுத்த பொருட்களை, உறவினர் அடையாளம் காட்டட்டும் என்று பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பெயரில்லாத ஒரு பொருளை 'இது என்ர பிள்ளையின்ர' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்!

இடம்பெயர்ந்த காலத்தில் அடைவுக்கடைக்குப் போனவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தராசில் கல்லுக்கு மதிப்பில்லை, பொன்னுக்குத்தான் மதிப்பு.

ஆகவே கெட்டியான வளையமாகப் பாருங்கோ. உள்ளே பொள்ளலாக இருந்தால் பார்வைக்குத் தடிப்பாக இருக்கும், எடை இராது. நசுங்கினால் நிமிர்த்துவதும் கடினம். உள்ளங்கைப் பக்கம் மெலிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேணும், தேய்வது அந்தப் பக்கம்தான். 22 கரட் மெதுவான பொன். கையால் பாரவேலை செய்கிறவருக்கு 18 கரட் கூடத் தாங்கும், ஆனால் அடைவில் காசு குறையும். அகலமான வளையம் விரலை இறுக்கும், கொஞ்சம் பெரிய அளவு எடுக்க வேணும். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், களங்கண்டி பார்க்க இறங்குகிறவரின் மோதிரம் கடலோடு போவது அப்படித்தான். (வலை இழுக்கிற நேரம் கழற்றி வைப்பதே நல்லது. கொழுவினால் விரலும் போகும்.) சுற்றிவரக் கல் பதித்ததைப் பிறகு பெருப்பிக்க ஏலாது. வெறும் வளையத்தை வெட்டி, துண்டு வைத்து ஒட்டலாம்.

நூல் மாதிரி ஒடுங்கின வளையத்தில் எழுத்து வெட்ட இடம் வராது. கொஞ்சம் அகலமாக எடுத்து, உள்பக்கம் பெயரையும் ஆண்டையும் ஆழமாக வெட்டச் சொல்லுங்கோ. கஸ்தூரியார் வீதிப் பக்கம் கேட்டுப் பார்க்கலாம்.