கூலியும் ஈயமும்

ஆங்கிலத்தில் படைவீரனைக் குறிக்கும் சொல் வீரத்திலிருந்து பிறந்ததல்ல. சாலிடஸ் என்ற ரோமானியத் தங்க நாணயம், பழைய பிரெஞ்சில் சம்பளம் என்று பொருள்பட்டு, பிறகு சோல்ஜர் ஆயிற்று. கற்பனைப் போர் விளையாட்டுக்காக 28 மில்லிமீட்டர் அளவில் வார்க்கப்படும் மத்தியகாலக் காலாட்படைப் பொம்மைகளைப் பார்க்கும்போது இந்தச் சொல்லின் பூர்வீகம் நினைவுக்கு வராமல் போவதில்லை. எதிரே பறவைநாகமும் பூதமும் நிற்கலாம். ஆனால் வெட்டுவெட்டாய்த் தைத்த உப்பிய சட்டையும் இறகுத் தொப்பியுமாக நிற்கும் இந்த மனிதன் கற்பனையல்ல. அவன் லான்ட்ஸ்க்னெக்ட், ஜெர்மானியக் கூலிப்படைக்காரன்.

1480களில் மாக்ஸிமிலியன், ஸ்விஸ் ஈட்டிப்படையைப் பார்த்து இவர்களைத் திரட்டினான். 14 முதல் 18 அடி நீள ஈட்டி. மாதம் 4 கில்டர் சம்பளம். சாவுக்கு மிக அருகில், முன்வரிசையில் நிற்பவனுக்கு இரட்டைச் சம்பளம். இறந்தவர்களின் பெயரைப் பட்டியலிலேயே வைத்திருந்து அவர்கள் சம்பளத்தைத் தளபதி எடுத்துக்கொள்வதும் உண்டு. மஸ்டர் ரோல் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

இந்தப் படையின் சரித்திரத்தைச் சண்டைகளின் வரிசையாக எழுதுவதைவிட சம்பள பாக்கிகளின் வரிசையாக எழுதுவதே நியாயம் என்று எனக்குப் படுகிறது (பேரேடு எழுதிப் பிழைப்பவனின் சார்பு என்று கழித்துக்கொள்ளலாம்). 1527 மார்ச்சில், பொலோனாவுக்கு அருகே, சம்பளம் கேட்டுக் கூச்சலிட்ட தன் ஆட்களைச் சமாதானப்படுத்த முயன்ற தளபதி ஃப்ருன்ட்ஸ்பெர்க் பக்கவாதம் தாக்கி வீழ்ந்தான். பிள்ளைகள் என்று அவன் அழைத்த கூட்டம் அது. அவனைவிட்டு மேலே நடந்த அந்தப் பேரரசுப் படை, மே 6 அன்று ரோமுக்குள் புகுந்து நகரைச் சூறையாடியது. போப்பின் ஸ்விஸ் காவலர் 189 பேரில் 147 பேர் அன்று மாண்டார்கள். அவர்களும் கூலிக்கு வந்தவர்கள்தாம். கூலிப்படை ஆபத்தின்போது நிற்காது என்று எழுதிய மாக்கியவெல்லி அடுத்த மாதம் இறந்துபோனார்.

இனி ஈயத்துக்கு வரலாம். 1971ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் வெளியிட்ட செயின்மெயில் விதிநூலின் பின்னிணைப்பில்தான் மத்தியகாலப் படையும் மாயாஜாலமும் ஒரே மேஜையில் சேர்ந்தன. கைகாக்ஸ் அதற்கு முந்திய வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையை இழந்தவர். அந்நூலில் நாயகன் என்பவன் நான்கு பேருக்குச் சமம். அதாவது, பெயரில்லாத சிப்பாய் அங்கே ஓர் அளவுகோல். படி, மரக்கால் மாதிரி. 1983ல் இங்கிலாந்தில் வந்த வார்ஹாமர் இன்னும் துல்லியமாகக் கணக்குப் போட்டது. ஒவ்வொரு பொம்மைக்கும் புள்ளி விலை உண்டு. ஆட்டத்துக்கு முன்பே முழுவதையும் செலுத்திவிட வேண்டும். ஆள் விழுந்தால் கடைசி வரிசையிலிருந்து பொம்மையை எடுப்பார்கள், பின்னால் நிற்பவன் முன்னே வந்து இடத்தை நிரப்புவதாக ஐதீகம். ஆகவே பளபளவென்று வர்ணம் பூசிய முன்வரிசைக்காரன் கடைசிவரை சாவதில்லை. பிறகு இரட்டைச் சம்பளம் எதற்கு? பயம் மட்டும் விதிகளில் இருக்கிறது: இரண்டு பகடை உருட்டி, எண் மிகுந்தால் படை ஓடும். பாக்கிக்காக ஓடுவதோ, தளபதியைச் சூழ்ந்துகொள்வதோ கிடையாது.

கூலி என்ற பிரச்னையே இந்த உலகில் இல்லை என்று முதலில் தீர்மானித்திருந்தேன். அது முழுக்கச் சரியல்ல. 1998ல் வார்ஹாமருக்குக் கூலிப்படைகளுக்கென்றே ஒரு நூல் வந்தது. அதில் சம்பளப் பட்டுவாடா செய்பவனுக்கும் ஒரு பொம்மை உண்டு. யாரோ சரித்திரம் படித்திருக்கிறார்கள். ஆனால் அவன் பெட்டி காலியாகும் மாதக்கடைசி அந்த மேஜைக்கு வருவதில்லை. ஆட்டம் ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது.

இந்தப் பொம்மைகளைச் செதுக்கியவர்களில் பெர்ரி சகோதரர்கள், இரட்டையர், முக்கியமானவர்கள். 1346ல் கிரெஸியில் பிரெஞ்சு மன்னனிடம் கூலிக்கு நின்ற ஜெனோவா வில்லாளிகளை, பின்வாங்கினார்கள் என்பதற்காக, பிரெஞ்சுக் குதிரைவீரர்களே மிதித்துக்கொண்டு போனார்கள். அதே கிரெஸியில் 1996ல் பழைய போரை நடித்துக்காட்டும் நிகழ்ச்சியொன்றில் பீரங்கி விபத்தில் சகோதரர்களில் ஒருவர் வலக்கையை இழந்தார். இடக்கையால் செதுக்கக் கற்றுக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார். இருவரும் தனியே தொடங்கிய கம்பெனி பிற்பாடு வெளியிட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் ஒன்றின் பெயர்: கூலிப்படை, 1450-1500.