பரங்கிமலைக்கு வழி வந்த கதை

மயிலாப்பூரிலிருந்தோ தி.நகரிலிருந்தோ நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பொழுதில் ஏறி இறங்கக்கூடிய குன்று பரங்கிமலை. உயரம் சுமார் 300 அடிதான். அதை எல்லோருக்கும் எட்டவைத்தது பக்தி மட்டுமல்ல, ஓர் ஆர்மீனிய வணிகரின் பணமும்தான் என்பேன். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டிய கோஜா பெட்ரஸ் உஸ்கானே மலைக்குப் படிகளும் அமைத்தார். பாலத்தின் பராமரிப்புக்கு நிதியும் ஒதுக்கினார் (இன்றைய ஒப்பந்ததாரர்கள் கவனிக்க!). போர்த்துகீசியர் 1523-லேயே உச்சியில் தேவாலயம் எழுப்பிவிட்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான்; யாத்திரிகர்கள் பாலத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் நேர்ச்சைக்காக ஆற்றில் இறங்கத் துணிபவர் வேறு, காட்சி பார்க்கக் கிளம்புபவர் வேறு. ஐப்பசி வெள்ளம் முன்னவரைத் தாமதப்படுத்தும். பின்னவரை வீட்டிலேயே இருத்திவிடும்.