கறுப்போடு கறுப்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் பழகியவர்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம் மூன்றே சொல்: கறுப்போடு கறுப்பு சேரணும். எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியிலிருந்து மதர்போர்டுக்கு மின்சாரம் கொண்டுவர இரண்டு கொத்துகள் இருக்கும். பி8, பி9 என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றிலும் ஆறு வயர். இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். போர்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வரிசையில் உட்காரும். இரண்டு கொத்தின் கறுப்பு வயர்களும் நடுவில் ஒட்டினாற்போல வந்தால் சரி. இடம் மாற்றிச் செருகிவிட்டால் கிரவுண்ட் வர வேண்டிய இடத்தில் 5 வோல்ட் ஏறும். போர்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இடம் மாறுவதைத் தடுக்க அந்தக் கொத்துகளின் வடிவத்தில் ஒன்றுமே கிடையாது. தடுப்பு முழுவதும் மாட்டுகிறவரின் நினைவில் இருந்தது. கம்ப்யூட்டரைப் பத்திரமாகக் கழற்றி மாட்டுவதைக் கைத்திறமை என்றுதான் வழக்கமாகச் சொல்கிறோம். இந்த இயந்திரத்தின் வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. ஆளின் தலைக்குள் இருந்த எச்சரிக்கை கொஞ்சம் கொஞ்சமாகச் செருகியின் வடிவத்துக்குள் குடிபோயிருக்கிறது. அப்படிப் போக வைத்ததில் பெரிய கம்பெனிகளின் பொறியாளர்களுக்கு உள்ள பங்கு, யாரிடமும் முறையாகப் படிக்காமல் திருப்புளியைக் கையில் எடுத்த கடைத்தெருவுக்கும் உண்டு என்பது என் வாதம்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதைத் திறக்கக் கூடாது என்று நினைத்துச் செய்யவில்லை. பின்புறத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியை முன்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். உள்ளே ஐந்து ஸ்லாட். கம்பெனியே விற்ற தொழில்நுட்பக் கையேட்டில் சர்க்யூட் வரைபடங்களோடு, இயந்திரத்தை எழுப்பும் பயாஸ் நிரலும் வரிவரியாக அச்சாகியிருந்தது. ஆனால் கதவைத் திறந்து வைத்ததோடு சரி. உள்ளே வருகிறவன் எங்கே இடறுவான் என்று யாரும் பார்க்கவில்லை. நினைவகத்தைக் கூட்ட வேண்டுமா, ஒரு வரிசைக்கு ஒன்பது சில்லுகளைத் தனித்தனியாகச் சாக்கெட்டில் அழுத்த வேண்டும். மரவட்டை போல இரண்டு பக்கமும் கால் உள்ள அந்தச் சில்லில் ஒரு கால் வழிதவறி வயிற்றுக்கு அடியில் மடங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக உட்கார்ந்த மாதிரியே தெரியும். திருப்பிச் செருகினால் சில்லு செத்தது. சில்லின் ஒரு முனையில் உள்ள சின்னப் பிறை வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மட்டுமே அடையாளம். எவ்வளவு நினைவகம், எத்தனை டிரைவ் என்பதைப் போர்டில் உள்ள குட்டி ஸ்விட்சுகளைத் தள்ளி இயந்திரத்துக்கு நாமே சொல்ல வேண்டும். பயிற்சி பெற்ற டீலர் செய்வார் என்ற நம்பிக்கையில் உருவான ஏற்பாடு இது.

அந்த நம்பிக்கையை உடைத்தவை ஐபிஎம் கம்ப்யூட்டரின் நகல் இயந்திரங்கள். காம்பேக் 1982 நவம்பரில் தன் தூக்குப்பெட்டிக் கம்ப்யூட்டரை அறிவித்தது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் ஐபிஎம்மின் பயாஸ் நிரலைப் பார்க்காதவர்களைக் கொண்டே அதற்கு ஈடான ஒன்றை எழுதவைத்து, கேட்டவருக்கெல்லாம் உரிமம் விற்றது. அதற்குப் பிறகு போர்டு ஓர் ஊரில், கேபினட் இன்னோர் ஊரில், டிஸ்க் வேறொரு கண்டத்தில் என்று தயாராகி, ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போவிலோ டெல்லி நேரு பிளேஸிலோ ஒரு மேசை மேல் சந்தித்துக்கொண்டன. இந்தியாவில் 1984 நவம்பரில் வந்த கணினிக் கொள்கை உதிரிபாக இறக்குமதியைத் தளர்த்தியது. சென்னை ரிச்சி தெருவிலும் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பாகங்களுக்குப் பக்கத்தில் போர்டுகளும் கேபினட்களும் வந்து சேர்ந்தன. ‘பிராண்டட் வேண்டுமா, அசெம்பிள்டா?’ என்ற கேள்வியை வாங்க வந்தவர்கள் வருடக்கணக்கில் எதிர்கொண்டார்கள். பாகம் செய்தவனுக்கு அதை மாட்டப்போகிறவன் யாரென்று தெரியாது. அவனைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்கவும் முடியாது. சொல்ல வேண்டியதைப் பாகமே சொன்னால்தான் உண்டு.

சொல்லத் தொடங்கியது. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அமைப்பு பி8, பி9 இரண்டையும் ஒழித்து, இருபது பின் உள்ள ஒரே செருகியை வைத்தது. அதன் துளைகளில் சில சதுரம், சில மூலை மழுங்கியவை, ஒருபக்கம் கொக்கி. திருப்பினால் இறங்காது. பலரும் கவனிக்காத இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரியது. அதற்கு முந்தைய டவர் கேபினட்களில் முன்பக்க ஸ்விட்சுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நான்கு வயர்கள் நீளும். அவற்றில் வீட்டு மின்சாரமே ஓடும், நம் ஊரில் 230 வோல்ட். ஸ்விட்சைக் கழற்றி மாட்டும்போது நான்கில் இரண்டு மாறினால் ஃபியூஸ் போகும். காப்பு உரிந்திருந்தால் கேபினட்டைத் தொட்டவருக்கு ஷாக். ஏடிஎக்ஸில் அந்த ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சைகை கொடுக்கும் வெறும் பொத்தானாகிவிட்டது. ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸின் இரும்புப் பெட்டியைத் தாண்டி வெளியே வருவதில்லை. பெட்டிக்குள் 230 வோல்ட் நேர்மின்சாரமாகி ஏறத்தாழ 325 வோல்ட்டாகக் கபாசிட்டர்களில் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம். அதனால்தான் கம்ப்யூட்டரில் எதைத் திறந்தாலும் அதை மட்டும் திறக்காதே என்ற விதி இன்றும் மாறவில்லை.

மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. ஃபிளாப்பி கேபிளைத் தலைகீழாக மாட்டினால் டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். கேபிளின் சிவப்புக் கோடு ஒன்றாம் பின் பக்கம் வரணும் என்ற இன்னொரு பாடம் அதனால்தான். 2003 வாக்கில் வந்த சாட்டா கேபிளின் முனையை ஒருமுறை பாருங்கள்: ஒரு சின்ன ‘எல்’ வடிவம், ஒரே விதமாகத்தான் நுழையும், கோடும் வேண்டாம் பாடமும் வேண்டாம். ராமில் வெட்டு நடுவிலிருந்து விலகியிருக்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் வெட்டின் இடம் வேறு, ஆகவே பழையது புதியதில் இறங்காது. பிராசஸர் விஷயத்தில் 486 காலத்து லீவர் சாக்கெட் ஒரு பெரிய விடுதலை. அதற்கு முன் நூற்றுக்கு மேற்பட்ட பின்கள் உள்ள சில்லைக் கட்டைவிரலால் முழுப்பலத்தோடு அழுத்த வேண்டும். அடியில் போர்டு வில்லாக வளையும். லீவர் வந்ததும் சில்லு தன் எடையிலேயே இறங்கியது.

என் வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கம்பெனிகள் இதையெல்லாம் தங்கள் தொழிற்சாலைச் செலவைக் குறைக்கத்தான் செய்தன, கடைத்தெருவுக்காக அல்ல என்பது. பாதி உண்மை. ஏடிஎக்ஸின் நோக்கங்களில் செலவுக் குறைப்பு வெளிப்படையாகவே இருந்தது. இன்னும் கூர்மையான சாட்சி, 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 வரிசை. அதில் சில மாடல்களைக் கருவியே இல்லாமல் கையால் பிரித்துவிடலாம். டிரைவ் வழுக்கிக்கொண்டு வரும். அதே இயந்திரத்தின் ஸ்லாட் அமைப்புக்கோ ஐபிஎம் உரிமக் கட்டணம் கேட்டது. கைக்கு எளிது, கடைத்தெருவுக்குப் பூட்டு. ஆனால் பிஎஸ்/2வின் அந்த அழகான உள்ளமைப்பு ஐபிஎம்மின் வீட்டோடு நின்றுவிட்டது. ஒரு கம்பெனியின் செருகி இன்னொரு கம்பெனியின் போர்டில் தப்பாக இறங்காமல் இருக்க வேண்டும் என்ற கவலை, எல்லாவற்றையும் தானே செய்கிறவனுக்கு எதற்கு? முன்பின் தெரியாதவர்களின் பாகங்கள் ஒரே கேபினட்டில் கூடும்போதுதான் அந்தக் கவலை பிறக்கும். ஏடிஎக்ஸ் இன்றுவரை நிலைத்து, பிஎஸ்/2 மறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இதைத் தள்ளிவிட முடியாது.

எதிர்ப்பாதையில் போனது ஆப்பிள். 1977இன் ஆப்பிள் 2வில் மூடியைக் கையால் தூக்கினால் எட்டு ஸ்லாட். 1984இன் மேக்கின்டாஷில் ஸ்லாட்டே இல்லை. நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களில் இரண்டு, கைப்பிடிக் குழியின் ஆழத்தில் ஒளிந்திருக்கும். நீண்ட கழுத்துள்ள தனித் திருப்புளி வேண்டும். இவ்வளவுக்கும் உருவாக்கியவர்களின் கையெழுத்துகள் கேபினட்டின் உட்சுவரில் பதிந்திருந்தன, வாங்கியவர் பார்க்கவே போவதில்லை என்று தெரிந்தும்! இப்படிப் பூட்டியதைப் பேராசை என்று மட்டும் சொன்னால் நியாயமாகாது. அந்தப் பெட்டிக்குள்ளேயே படக்குழாய் இருந்தது; அதில் தேங்கும் உயர் அழுத்த மின்சாரம் விளையாட்டல்ல. ஆபத்தைப் பூட்டி வைப்பதும் ஒரு பாதுகாப்புதான். பூட்டியவர் போன பிறகு சாவி யாரிடம் என்பதுதான் அதில் உள்ள சிக்கல்.

இன்னொரு மறுப்பு: வடிவத்தை நம்பிப் பழகினால் எச்சரிக்கை மழுங்கிவிடாதா? மழுங்கும். வடிவத்தால் தடுக்க முடியாத ஆபத்துகள் மிச்சம் இருக்கின்றன, சிலவற்றை வடிவமே கொண்டுவந்தது. ஏடிஎக்ஸ் முன்பக்கத்து 230 வோல்ட்டை அகற்றியது, பதிலுக்கு ஆஃப் என்பதன் பொருளையே குழப்பிவிட்டது. பிளக் மாட்டியிருக்கும் வரை, அணைத்த கம்ப்யூட்டரின் போர்டிலும் 5 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். பல போர்டுகளின் மூலையில் ஒரு சின்ன விளக்கு அதற்காகவே எரிகிறது. நிலைமின்சாரமோ கண்ணுக்குத் தெரியாதது: விரல் நுனியில் சுள்ளென்று உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும், சில்லு கெட அதில் சிறு பகுதி போதும். கெட்ட சில்லு அன்றே சாகாமல் மாதங்கள் கழித்துச் சாவதும் உண்டு. சென்னையின் புழுக்கம் நிலைமின்சாரத்துக்கு எதிரி என்பது உண்மைதான், ஏசி அறையின் வறண்ட காற்றில் அந்தத் தைரியம் செல்லாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொள்கிற பழக்கத்துக்கு மாற்றாக எந்தச் செருகியும் இன்னும் வரவில்லை. ஆயினும் தலையில் சுமக்க வேண்டிய பட்டியல் சுருங்கியிருக்கிறது. இருபது விஷயங்களில் கவனம் சிதறுவதைவிட மூன்றில் ஊன்றுவது எளிது.

சுருங்கிய பட்டியலிலும் ஆபத்து இடம்மாறிக்கொண்டே இருக்கிறது. 2004இல் இன்டெல் தன் 775 சாக்கெட்டில் பின்களைப் பிராசஸரிலிருந்து எடுத்துப் போர்டில் வைத்துவிட்டது. பிராசஸரின் அடிப்பக்கம் இப்போது வெறும் தட்டைப் பொட்டுகள். வளையக்கூடிய மெல்லிய கம்பிகள் எல்லாம் சாக்கெட்டில், ஒரு பக்கமாகச் சாய்ந்த நாற்றுப் போல. பிராசஸரைப் பாதி வழியில் நழுவவிட்டால் ஒரு வரிசையே படுத்துவிடும். அதற்காகத் தயாரிப்பாளர்கள் சாக்கெட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி மாட்டி அனுப்புகிறார்கள். பிராசஸரை வைத்ததும் அந்த மூடிக்கு வேலை முடிந்தது, வாங்கியவர் அதைக் குப்பையில் போடுவார். போர்டு கெட்டு வாரண்டிக்கு அனுப்பும் நாளில்தான் அதன் விலை தெரியும்: மூடி இல்லாமல் வந்தால் ஏற்கமாட்டோம் என்று தங்கள் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கும் கம்பெனிகள் உண்டு. அசெம்பிள் செய்து பழகிய கை அந்த மூடியை எறிவதில்லை, போர்டு வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டு வைக்கிறது.