தம்புராவிலிருந்து ஆம்ப் மாடலர் வரை: புனேயின் பயணக் கலைஞர்களும் கையடக்க ஒலியும்

1937 அக்டோபர் 27. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இரயிலில் சென்றுகொண்டிருந்த உஸ்தாத் அப்துல் கரீம் கானுக்கு வழியில் நெஞ்சுவலி கண்டது. செங்கற்பட்டுக்கு வடக்கே உள்ள சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார். நடைமேடையில் படுக்கை விரிக்கச் செய்து, தம்புராவைச் சுருதி கூட்டி, தர்பாரி இராகத்தில் இறைவேண்டல் பாடியபடியே உயிர் நீத்தார் என்பது கிரானா மரபினர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. மிரஜில் உள்ள மீரா சாகிப் தர்காவில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. இந்நிகழ்வைச் சொல்வோர் பக்தியைச் சொல்வர்; தர்பாரியைச் சொல்வர். எளிதில் கண்ணில் படாத மற்றொன்றும் அதில் உண்டு. ஏறத்தாழ ஐந்தடி நீளமும், சற்றே இடறினால் விரிசல் காணும் சுரைக்குடமும் கொண்ட ஒரு கருவி அந்த இரயிலில் அவருடன் வந்திருந்தது.

ஊர் ஊராகச் செல்லும் இசைஞர் எதைத் தூக்கிச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்னும் கேள்வி மேற்கிந்திய இசை வரலாற்றில் ஓயாமல் எழுந்துள்ளது. இன்று புனேயில் விடுதி அறையில் கிதார் பயிலும் மாணவர், பயணத்தில் பயிற்சிக்கும் ஒலிப்பதிவுக்கும் எந்த ஆம்ப் மாடலரை வாங்கலாம் என்று வினவும்போது, அறிந்தோ அறியாமலோ அக்கேள்வியையே புதுப்பிக்கிறார். பெரிய ஒலிபெருக்கியின் குரலைக் கணக்கீட்டால் போலச்செய்து கையடக்கப் பெட்டியில் தரும் கருவியே ஆம்ப் மாடலர். அதன் பின்னணியைக் கிதாரின் வரலாற்றில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி தம்புராவிடம் இருக்கிறது.

புனே சுற்றுப்பயணக் கலைஞர்களின் நகரம். 1880 அக்டோபர் 31இல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் ‘சங்கீத சாகுந்தலம்’ இங்குதான் மேடையேறியது. அதன்பின் மராத்தி இசைநாடகக் குழுக்கள் ஊர்தோறும் பயணப்பட்டன. திரை, ஒப்பனை, உடை ஆகியவற்றோடு இசைக்கருவியும் வண்டியேற வேண்டும். கூட்டத்தின் கடைசி வரிசைவரை கேட்கவும் வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்து, இந்தியாவில் கைத்துருத்தி பெற்று, தரையில் வைத்து வாசிக்கத்தக்கதாகச் சிறுத்த ஹார்மோனியம் இவ்விரண்டு தேவைகளுக்கும் பொருந்தியது. 1911இல் ‘மானாபமான்’ நாடகத்துக்கு இசையமைத்த கோவிந்தராவ் டெம்பே அக்கருவியிலேயே புகழ்பெற்றவர்.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. ஹார்மோனியத்தின் சுரங்கள் பட்டறையிலேயே முடிவாகிவிடுகின்றன. பாடகரின் காந்தாரம் இராகத்துக்கேற்ப நுட்பமாக ஏறி இறங்குவதைக் கருவி அறியாது. சாங்கலியைச் சேர்ந்த கிருஷ்ணாஜி பல்லாள் தேவல், இருபத்திரண்டு சுருதிகள் பற்றிய தம் ஆங்கில நூலை 1910இல் புனேயில் வெளியிட்டார். ஐசிஎஸ் அதிகாரியான எர்னெஸ்ட் கிளெமென்ட்ஸும் அவரும் சேர்ந்து, சுருதிகளைப் பிரித்துத் தரும் ஹார்மோனியம் ஒன்றை உருவாக்க முனைந்தனர். அம்முயற்சியில் சுருதிகளைப் பாடிக் காட்டியவர் அப்துல் கரீம் கான். 1913இல் புனேயில் ஆர்ய சங்கீத வித்யாலயம் நடத்தத் தொடங்கியவரும் அவரே. சுருதி ஹார்மோனியம் பரவவில்லை. சாதாரண ஹார்மோனியமோ 1940இல் அகில இந்திய வானொலி தடைசெய்த பின்பும் மேடைகளை விட்டு அகலவில்லை. 1971இல் வானொலியே தடையைத் தளர்த்தியது. எடுத்துச் செல்ல எளியதாகவும் உரத்து ஒலிப்பதாகவும் இருக்கும் கருவியை, அதன் குறையைக் காட்டி வீழ்த்துவது அரிது.

தம்புராவின் நிலை வேறு. புனேயிலிருந்து இரயில்வழி சுமார் 280 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மிரஜ், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தம்புராவுக்கும் சிதாருக்கும் பெயர்பெற்ற ஊர். பண்டரிபுரம் வட்டாரத்தில் விளையும் பெருஞ்சுரைக்காய் அங்கே குடமாகிறது. தஞ்சாவூரிலோ குடமும் பலாமரத்தாலானது. அது எடை மிகுந்தது, ஆயினும் உடையும் அச்சம் குறைந்தது. மராத்திய அரசர்கள் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் ஆண்ட தஞ்சையும் மராத்திய மண்ணின் மிரஜும் ஒரே கருவிக்கு இருவேறு உடல்களைத் தந்திருப்பது தனியே ஆராயத்தக்கது.

உடல் எதுவாயினும் உயிர் குதிரையில் இருக்கிறது. தம்புராவின் குதிரை மேற்புறம் மெல்லிய வளைவுடன் தட்டையாக இழைக்கப்பட்டது. அதற்கும் தந்திக்கும் இடையே ஒரு நூலிழை செருகப்படும். வடக்கே இவ்விளைவை ஜவாரி என்பர். தமிழகத்தில் அந்த நூலுக்கு ஜீவா என்றே பெயர். 1921இல் சி. வி. இராமன் இந்தியத் தந்திக் கருவிகள் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் விந்தையைப் பதிவுசெய்தார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அப்புள்ளியில் கணு கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. தம்புராவும் வீணையும் அவ்விதிக்கு அடங்கவில்லை. வளைந்த குதிரையைத் தந்தி உரசி உரசி அதிர்வதால், இல்லாதிருக்க வேண்டிய மேற்சுரங்களும் ஓங்கி ஒலிக்கின்றன. இயற்பியல் மொழியில் இது நேர்விகிதத்துக்கு அடங்காத நடத்தை. தந்தியின் ஒலியை வெறுமனே பெருக்கியோ வடிகட்டியோ இதைப் பெற முடியாது.

வால்வு ஆம்பின் இரகசியமும் இத்தகையதே. மின்கிதாரின் சமிக்ஞை வால்வின் எல்லையை மீறும்போது அலையின் முகடுகள் மழுங்குகின்றன. தந்தியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. தொடக்கத்தில் பழுதாகக் கருதப்பட்ட இந்தச் சிதைவு பின்னர் கருவியின் குரலாகவே ஏற்கப்பட்டது. ஒன்றில் எலும்பும் நூலும், மற்றொன்றில் கண்ணாடிக் குழாயும் மின்னழுத்தமும். இரண்டிலும் கருவியின் பாதி ஒலி தந்திக்கு வெளியே உண்டாகிறது. அந்தப் பாதியே தூக்கிச் செல்லக் கடினமானது. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் வகை ஆம்ப் ஏறத்தாழ முப்பது கிலோ எடை கொண்டது.

இவ்விரு சுமைகளையும் இறக்கி வைத்த முன்னோடிகள் ஏறக்குறைய ஒரே காலத்தவர் என்பது வியப்புக்குரியது. பெங்களூரில் எச்ஏஎல் நிறுவனப் பொறியாளராகவும் புல்லாங்குழல் கலைஞராகவும் விளங்கிய ஜி. ராஜ்நாராயண் 1979இல் எலெக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். ராடெல் என்னும் பெயர் அவ்வழி நிலைபெற்றது. அமெரிக்காவில் எம்ஐடியில் பயின்ற பொறியாளரும் ‘பாஸ்டன்’ இசைக்குழுவின் கிதார் கலைஞருமான டாம் ஷோல்ஸ் 1982இல் ராக்மேன் என்னும் சிறு பெட்டியை வெளியிட்டார். இடுப்பில் செருகி, ஹெட்ஃபோனில் கேட்டு வாசிக்கத்தக்க கருவி அது. இருவரும் வாசித்தவர்கள், இருவரும் பற்றவைப்புக் கருவியைப் பிடிக்கத் தெரிந்தவர்கள். தேவை எது என்பதை வாசிப்பவரும், அதில் எவ்வளவு முடியும் என்பதைப் பொறியாளரும் அறிந்திருக்க, இருவரும் ஒருவராகவே அமைந்தது இக்கருவிகளின் நற்பேறு.

எனினும் இவ்விரு பெட்டிகளின் முன் நின்ற சிக்கல் ஒன்றல்ல. தம்புரா ஒரே சுழற்சியில் மீண்டும் மீண்டும் ஒலிப்பது. நல்ல தம்புரா ஒன்றின் ஒலியைப் பதிந்து ஓடவிட்டாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். இன்றைய கைபேசிச் செயலிகள் பல அதைத்தான் செய்கின்றன. ஆம்ப் அப்படியன்று. விரல் மெல்லத் தொட்டால் தெளிவாகவும், அழுத்தினால் கரகரத்தும், கிதாரின் ஒலிக்குமிழைக் குறைத்தால் மீண்டும் தெளிந்தும் பேச வேண்டும். பதிவு பதில் சொல்லாது. ஆகவே மாடலருக்குக் கணக்கீடு தேவைப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் ரோலண்ட் விஜி-8, லைன் 6 நிறுவனத்தின் ஆக்ஸிஸ் 212, 1998இல் அதே நிறுவனத்தின் சிறுநீரக வடிவச் செந்நிறப் பாட், 2011இல் ஒரு குறிப்பிட்ட ஆம்பின் நடத்தையை அளந்து நகலெடுக்கும் கெம்பர் என்று படிகள் ஏறின. அதன்பின் நரம்பியல் வலைப்பின்னல் வந்தது. ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர் என்னும் திறந்தமூல மென்பொருளில், யாரோ ஒருவருடைய அறையில் உள்ள ஆம்ப் ஒரு சிறு கோப்பாக மாறி உலகெங்கும் இலவசமாகச் சுற்றுகிறது.

புனேயில் இக்கருவிகளுக்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா இரவு முழுவதும் நடந்து விடியலில் முடிவது வழக்கமாயிருந்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அவ்வழக்கத்துக்கு முடிவுகட்டின. பின்னிரவு இராகங்கள் மேடையிழந்தன. 2010இல் இதே நகரில் தொடங்கிய என்எச்7 வீக்கெண்டர் விழாவின் மின்கிதார்களுக்கும் அதே கடிகாரந்தான். விதி மேடைக்கு மட்டும் உரியதாகத் தோன்றலாம். ஆனால் மூவர் பகிரும் அறையில் அண்டை வீட்டாரும் உடனுறைபவரும் அதைவிடக் கண்டிப்பானவர்கள். ஹெட்ஃபோன் அங்கே ஆடம்பரமன்று.

இப்பின்னணியில் மாணவரின் தேர்வைப் பார்த்தால், விளம்பரத்தில் முன்னிற்கும் எண் பின்னுக்குப் போகிறது. நூறு ஆம்ப் மாதிரிகள் உள்ளனவா என்பது சிறு செய்தி. ஒரே மாதிரியில் விரலின் அழுத்தம் மாறும்போது குரல் மாறுகிறதா என்பதே சோதிக்க வேண்டியது. கடையில் அதை அறிய ஐந்து நிமிடம் போதும். அடுத்தது தாமதம். பத்து மில்லிசெகண்டில் ஒலி காற்றில் சுமார் மூன்றரை மீட்டர் செல்லும். அவ்வளவு தொலைவில் ஆம்பை வைத்து வாசிப்பது போன்றது அந்தத் தாமதம். அதற்கு மேல் போனால் தாளம் வழுக்கும். புளூடூத் ஹெட்ஃபோன்களில் பெரும்பாலும் அதைவிட மிகுதியாகவே தாமதம் நேரும். வாசிப்பதற்குக் கம்பி ஹெட்ஃபோனே ஏற்றது. மூன்றாவது, யுஎஸ்பி வழியாகப் பதியும்போது மாடலரின் ஒலியோடு கிதாரின் வெற்று ஒலியையும் தனித்தடத்தில் தருகிறதா என்பது. வெற்றுத்தடம் இருந்தால் பத்தாண்டு கழித்தும் வேறொரு ஆம்பின் வழியே அதே வாசிப்பை மீண்டும் செலுத்தலாம். ஆவணக் காப்பக நோக்கில் இதுவே முதன்மையானது. வணிகப் பட்டியல்களில் இது கடைசி வரியில் கிடக்கிறது.

பெட்டிகள் எதை இழக்கச் செய்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தம்புரா தானே மீட்டிக்கொள்ளாது. பின்னே ஒரு சீடர் அமர வேண்டும. அவ்விடம் குருகுலத்தின் மிக நெருங்கிய இருக்கை. பாட்டு எங்கே தயங்கியது, எங்கே மூச்சு வாங்கியது என்பதையெல்லாம் அங்கிருந்தே கற்றனர். நான்கு தந்திகளைக் கூட்டும் அரைமணி நேரமே காதுக்கு முதற்பாடமாயிருந்தது. பெட்டி வந்தபின் பயணச்செலவில் குறைக்கத்தக்க முதல் ஆள் அந்தச் சீடரானார். மறுபக்கம், தம்புரா மீட்ட ஆளில்லாத வீட்டில், அடுக்களை வேலை முடிந்தபின் தனியே சாதகம் செய்த எத்தனையோ பெண்களுக்கு அதே பெட்டி சுருதி தந்தது. இவ்விரண்டில் எது மிகுதி என்று நிறுப்பதற்குத் தராசு இல்லை. கிதார் மாணவர் இழப்பது இதைவிடச் சிறிது: ஆயத்த ஒலிகளைப் புரட்டிக்கொண்டே போகிறவர், ஒரே ஆம்பின் மூன்று குமிழ்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஒரு குரலைக் கண்டடையும் பழக்கத்தை இழக்கிறார்.

மிரஜின் சிதாருக்கும் தம்புராவுக்கும் 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று பல கச்சேரி மேடைகளில் பாடகரின் பின்னே இரு தம்புராக்களை மீட்டும் சீடர்கள் அமர்ந்திருக்க, அவர்களுக்கு நடுவே ஒரு சிறிய எலெக்ட்ரானிக் பெட்டியும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.