விளையாட்டு வீரரின் மனோதிடம்

போட்டியின் நெருக்கடியிலே தன் சித்தத்தையும், தான் பயின்ற வித்தையையும் ஒருங்கே தன் வசத்தில் வைத்திருக்கும் ஆற்றலை விளையாட்டு உளவியலார் மனோதிடம் என்பர். பிரிட்டிஷ் உளவியலறிஞர் பீட்டர் கிளஃபும் அவருடைய சகாக்களும் 2002-இல் கட்டுப்பாடு, ஈடுபாடு, சவாலை விரும்பி ஏற்றல், தன்னம்பிக்கை என்னும் நான்கு அங்கங்களை இதற்கு வகுத்தனர். அப்பகுப்பு பெரிதும் வழங்கினும், ஆட்சேபத்துக்கு உட்படாததன்று. எவ்வாட்டத்துக்கும் ஒரே அளவுகோல் போதுமென்று கொள்வதில்தான் இடர்ப்பாடு தோன்றுகிறது.

நெடுந்தூர ஓட்டத்தில் மனோதிடம் பெரும்பாலும் வேதனையைச் சகிக்கும் சக்தியே. 1968-ஆம் ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக் மாரத்தானில், வழியிலே விழுந்து முழங்காலில் காயமுற்ற டான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி, வென்றவர் எல்லையைக் கடந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்த பின்னரும், கட்டுப்போட்ட காலுடன் மைதானத்துக்குள் வந்து தம் ஓட்டத்தை நிறைவு செய்தார். இவ்வகைத் திடம் காண்போர் கண்ணுக்கு எளிதிற் புலனாவதால் புகழுரையும் இதற்கே மிகுதியாகக் கிட்டுகிறது.

துப்பாக்கி சுடுதலிலோ உத்வேகமே பகையாகிவிடுகிறது. பரபரப்பினால் கை சிறிது நடுங்கினும் குறி பிசகுமாதலின், இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் இப்போட்டிகளில் விலக்கப்பட்டுள்ளன. அமைதியைக் கடையில் வாங்க அனுமதியில்லை. அமெரிக்கரான மாத்யூ எம்மன்ஸ், 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், மூன்று நிலை ரைஃபிள் போட்டியின் இறுதிக் குண்டுக்கு முன் முதலிடத்தில் இருந்தும், பக்கத்து வீரரின் இலக்கைச் சுட்டு எட்டாமிடத்துக்கு இறங்கினார். 2008-இல் பெய்ஜிங்கிலும் முன்னணியில் நின்று, கடைசிக் குண்டில் 4.4 புள்ளி மட்டுமே பெற்றுப் பதக்கமிழந்தார். ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே வேறொரு பிரிவில் தங்கம் வென்ற அவரைத் திடமற்றவர் என்று யார் கூறத் துணிவர்? அதே பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில், கடைசிக் குண்டுக்கு முன் ஃபின்லாந்து வீரருடன் சமநிலையில் இருந்த அபினவ் பிந்த்ரா 10.8 புள்ளி சுட்டு, ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கத்தைப் பெற்றுத் தந்தார்.

சதுரங்கத்தில் இச்சோதனை பல நாட்களுக்கு நீள்கிறது. தோல்வியுற்றவன் அத்தோல்வியுடனேயே உறங்கி, மறுநாளும் அதே எதிரியின் முன் அமரவேண்டும். 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து தரைவழியாக சோஃபியாவை அடைந்த சென்னையின் விசுவநாதன் ஆனந்த், பல்கேரியாவின் டோபலோவுடன் ஆடிய உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தோற்றார். எனினும் பன்னிரண்டாம் ஆட்டத்தைக் கறுப்புக் காய்களுடன் வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

ஜிம்னாஸ்டிக்ஸில், வலியைப் பொறுத்து விடாது ஆடுவதே திடமென்ற கொள்கை ஆபத்தாகவும் முடியக்கூடும். அந்தரத்தில் தன் உடலின் நிலையை உணர இயலாத வீராங்கனை தலைகீழாக விழ நேரிடுமாதலால், 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கின் குழு இறுதிப் போட்டியிலிருந்து, அந்நிலைக்கு ஆளான அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் இடையிலே விலகினார். அதைக் கோழைத்தனமென்று இகழ்ந்தவர் பலர். தன் அபாயத்தைத் தானே நிதானித்து, உலகம் பார்த்திருக்க விலகுவதற்கு வேண்டிய உறுதி சாமானியமானதன்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பைல்ஸ் மூன்று தங்கப்பதக்கங்களையும் ஒரு வெள்ளியையும் வென்றார்.