கபடி ரசிகர்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை வட்டாரம்

கபடி ரசிகர் என்று இங்கே குறிக்கப்படுபவர், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சமவெளி ஊர்களிலும் மேற்கே கல்வராயன் மலையிலும் நடக்கும் கபடிப் போட்டிகளை விடாமல் பார்ப்பவர். எந்த அணி தேறும், எவன் ரைடுக்கு (எதிரணிக் களத்துக்குள் பாடிப் போவதற்கு) லாயக்கு, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் ஆகாது என்று ஆண்டு முழுவதும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பவர். அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்துக்கும், யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடக்கும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ கிரிக்கெட்டுக்கும் உள்ள இடம் இங்கே கபடிக்கு உண்டு. 1897-இல் முதன்முதலாக மோதிக்கொண்ட மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் அணிகளின் ரசிகர்கள் இன்றும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதைக் கேட்டால் சங்கராபுரத்துக்காரர் எவரும் வியக்கமாட்டார். அங்கே கட்சி கட்டுவது படித்த கல்லூரிக்காக. இங்கே பிறந்த ஊருக்காக, சில இடங்களில் தெருவுக்காக.

வட்டாரமும் பருவமும்

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 26 நவம்பர் 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி விளையும் பூமி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். முறைக்காக இரவெல்லாம் காத்திருப்பவர்கள் பேசுவதில் பாதி கரும்பு விலை, மீதி கபடி. தை பிறந்ததும் சுவரொட்டி ஒட்டத் தொடங்குவார்கள்: ‘மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி’. முதல் நான்கு பரிசுத் தொகை, கொடுப்பவர் படம், நுழைவுக் கட்டணம், எடைப் பிரிவு, கடைசி வரியில் ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’. அந்தக் கடைசி வரியை ரசிகர் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

கல்வராயன் மலை தனி வட்டம், தலைமையிடம் வெள்ளிமலை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் சேராப்பட்டு, இன்னாடு, கரியாலூர் பக்கத்தில் சமமான நிலம் அரிது. பள்ளி மைதானமும் கதிரடிக்கும் களமும்தான் ஆடுகளம். ஆண்டில் பல மாதம் இளைஞர்கள் வெளியூர் வேலைக்குப் போய்விடுவதால், மலை அணி முழுசாகக் கூடுவது பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான். கீழே போட்டிக்கு இறங்கும்போது பிக்கப் வண்டியில் அணி முன்னே ஏற, ரசிகர் பின்னே தொற்றிக்கொள்வார். இரவு ஆட்டம் முடிந்தால் திரும்பப் பேருந்து இருக்காது. தோற்ற அணியோடு விடியும்வரை ஆடுகளத்தின் ஓரத்தில் படுத்திருப்பதும் ரசிகர் வேலையில் அடக்கம்.

ஆடுகளம், அருகிலிருந்து

விதிப்படி ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அணிக்கு ஏழு பேர், பாதிக்கு இருபது நிமிடம், ஒரு ரைடுக்கு முப்பது நொடி. ஊர்ப் போட்டியில் அளவு மாறாது, நேரம்தான் சுருங்கும். முப்பது, நாற்பது அணி வந்து இறங்கினால் விடிவதற்குள் முடிக்க வேறு வழியில்லை.

மாலையில் மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, மரத்தூள் தூவுவார்கள். சுண்ணாம்பில் கோடு விழும். சவுக்குக் கம்பில் விளக்கு ஏறும். முதல் நான்கு ஆட்டத்துக்குள் போனஸ் கோடு பாதி அழிந்திருக்கும். இரவின் முதல் சண்டை அங்கேதான் பிறக்கும். எதிரே ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் உண்டு. ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்ற, மற்றக் கால் தரையைவிட்டு எழும்ப வேண்டும். பின்னங்கால் எழும்பியதா இல்லையா என்பதை இருபதடி தள்ளி நிற்கும் ரசிகர், பக்கத்தில் நிற்கும் நடுவரைவிடத் தெளிவாகப் பார்த்திருப்பார். ‘தம் விட்டுட்டான்’ என்ற குரலும் கூட்டத்திலிருந்தே முதலில் எழும்.

மைக் பிடிப்பவருக்குத் தனி மரியாதை. ரைடர் பெயர், பனியன் எண், ஊர், நடுநடுவே நூறு ரூபாய் அன்பளிப்பு தந்தவர் பெயர், காணாமல் போன பைக் சாவி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார். ரைடரைவிட அவருக்குத்தான் தம் அதிகம்.

அணிகள் குறித்த கருத்து

இந்த வட்டார ரசிகர் அணியை எடைபோடுவது பிடியை வைத்து. தொலைக்காட்சியும் சுவரொட்டியும் ரைடரைக் கொண்டாடினாலும், ‘கார்னர் ரெண்டும் சரியா இருக்கா’ என்பதே முதல் கேள்வி. இடது ஓரத்தில் கணுக்கால் பிடிக்க ஒருவன், அவன் தொட்டவுடன் கவரிலிருந்து ஏறி அடிக்க ஒருவன். இந்த இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து சேர்ந்து ஆடியிருக்க வேண்டும் என்பது மூத்த ரசிகர் வாதம். அதில் நியாயம் உண்டு. சங்கிலிப் பிடிக்குக் கண்ணசைவே போதும், வாயைத் திறந்தால் ரைடர் உஷாராகிவிடுவான். நேற்றுச் சேர்ந்தவர்களுக்கு அது வாய்க்காது.

அதனால்தான் வெளியூர் ஆட்டக்காரரைக் காசு கொடுத்து இறக்குவது பற்றி ஓயாத சண்டை. பரிசுத்தொகை பெரிதானால் ஊர்ப் பெயர் பொறித்த பனியனுக்குள் யார் யாரோ வருவார்கள். சில விழாக்குழுக்கள் ஆதார் அட்டை கேட்டு, ஓர் ஊர் அணிக்கு அந்த ஊர்க்காரர் மட்டுமே ஆடலாம் என்று கட்டுப்பாடு வைக்கின்றன. ரசிகர் இந்தக் கட்டுப்பாட்டை முழுமனதாக ஆதரிப்பார், தம் ஊர் அரையிறுதிக்கு வரும்வரை.

மண்ணா, மேட்டா (விரிப்பா) என்பது இன்னொரு வழக்கு. மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய பையன் மாவட்டத் தேர்வுக்குப் போனால் மேட்டில் ஷூ போட்டு ஆட வேண்டும். அங்கே கால் பிடிமானம் வேறு, திரும்பும் வேகம் வேறு. ‘மேட் வந்து ஆட்டம் செத்துச்சு’ என்று பெரியவர்கள் சொல்வது மிகை. ஆனால் மேட் இல்லாத ஊரில் பிறந்த பையன் ஒரு படி கீழேயிருந்து தொடங்குகிறான் என்பது நிஜம், மலைப் பையன் இரண்டு படி கீழேயிருந்து. 2024-இல் தமிழக அரசு 12,525 ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மேட் விரிக்கும் அளவுக்குச் சமமான இடம் கருவிப் பையில் வராது.

பயிற்சியாளர் குறித்த கருத்து

ஊர் அணிக்குப் பயிற்சியாளர் என்று தனியாக ஒருவர் கிடையாது. பள்ளியில் பி.டி. மாஸ்டர், அதன் பிறகு, முழங்கால் போய் ஆட்டத்தை நிறுத்திய பழைய ஆட்டக்காரர். கோட்டுக்கு வெளியே துண்டோடு உட்கார்ந்து ‘டேய், உள்ள வாங்காத, அவன விடு’ என்று கத்துபவர் அவர்தான். தோற்றால் அவரை யாரும் நீக்குவதில்லை. நீக்கினால் மறுநாள் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்க ஆளிருக்காது.

ஆகவே பயிற்சியாளரைத் திட்டும் ஆசையை ரசிகர் தீர்த்துக்கொள்வது தமிழ் தலைவாஸ் மீது. புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியது. தமிழகத்தின் அணியான தலைவாஸ் அதில் 2017-இல் சேர்ந்தது. முதல் பயிற்சியாளர் தமிழரான கே. பாஸ்கரன், 2014-இல் ஜெய்ப்பூரை முதல் பட்டம் வெல்ல வைத்தவர். அடுத்து வந்தவர் கேரளத்தின் ஈ. பாஸ்கரன், 2015-இல் யு மும்பாவுக்குப் பட்டம் வாங்கித் தந்தவர். இரண்டு பாஸ்கரன்களையும் ஒருவராக்கித் திட்டுபவர்கள் டீக்கடைகளில் இன்னும் இருக்கிறார்கள். 2019 பருவத்தின் நடுவில் ஈ. பாஸ்கரன் விலக ஜே. உதயகுமார் வந்தார். 2022-இல் மீண்டும் பருவத்தின் நடுவே மாற்றம், அஷன் குமார். 2024-இல் உதயகுமாரோடு தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். 2025-இல் சஞ்சீவ் பாலியான். பக்கத்து பெங்களூரு புல்ஸ் அணி முதல் பதினொரு பருவத்துக்கும் ரந்தீர் சிங் என்ற ஒரே மனிதரை வைத்திருந்தது. நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருந்தால் அணி எப்படி நிலைக்கும் என்ற ரசிகர் கேள்விக்கு இந்தப் பட்டியலே பதில்.

பெயர் பெற்ற ஆட்களை வாங்கிக் குவித்தாலும் தேறாது என்பதற்கு 2019 சாட்சி. அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் மூவரும் ஒரே அணியில் இருந்தும் பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். 2022-இல் 2.26 கோடிக்கு வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேறினார். அந்தப் பருவத்தில்தான், நரேந்தர் என்ற புதுப் பையனின் ரைடில் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதி கண்டு, புனேயிடம் 37-39 என்று தோற்றது. கள்ளக்குறிச்சி ரசிகரின் மனக்குறை தோல்வி பற்றியது மட்டுமன்று. பெயரில் தமிழ் இருக்கிறது, களத்தில் தமிழ்ப் பையன் ஒருவரோ இருவரோதான். கே. பிரபஞ்சன் முதல் பருவத்தில் ரைடு போனபோது எழுந்த சத்தம், அதன்பின் வந்த கோடி ரூபாய் ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பக்கம் எழவில்லை.

பகை

பகை பெரும்பாலும் பக்கத்து ஊரோடு. ஏரி ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, பெண் கொடுத்து எடுத்த உறவும் உண்டு. அதனால்தான் சூடு. மாப்பிள்ளை ஊர் அணியிடம் தோற்ற வீட்டில் அன்று கறிக்குழம்பு இறங்காது. இதெல்லாம் சிரித்துக் கடக்கக்கூடியது. கடக்க முடியாததும் உண்டு: சில ஊர்களில் அணி என்பது தெரு, தெரு என்பது சாதி. பிடியில் காட்டிய வேகம் ஆட்டம் முடிந்தபின் வேறு கணக்காகத் தீர்க்கப்படும். போட்டிக்குக் காவல்துறை அனுமதி கட்டாயமானதும், பனியனில் சாதி அடையாளமோ கட்சித் தலைவர் படமோ கூடாதென்று நீதிமன்ற உத்தரவுகளில் நிபந்தனை ஏறியதும் இதனால்தான். சுசீந்திரனின் ‘வெண்ணிலா கபடிக்குழு’ 2009-இலும், தூத்துக்குடி மாவட்டத்து அர்ஜுனா விருதாளர் மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவிய மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ 2025-இலும் திரையில் காட்டியது இதையே. நாயகன் கபடி ஆடும் ‘கில்லி’யை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது விஜய் படம். 2024 மறுவெளியீட்டில் இந்தப் பக்கத்துப் பையன்கள் பார்த்ததும் விஜய்யைத்தான்.

நாட்டுப் பகையில் ஈரான்தான் எதிரி. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் அரையிறுதியிலும் பெண்கள் இறுதியிலும் இந்தியாவை வீழ்த்திய அணி. 2023 அக்டோபரில் ஹாங்சோ இறுதியாட்டம் 28-28 என்ற நிலையில் பவன் செராவத்தின் ஒரு ரைடால் நின்றுபோனது. யாரையும் தொடாமல் களத்தின் ஓரப் பட்டையான லாபிக்குள் போனால் அவுட்டா, பின்னால் ஓடிவந்து விழுந்தவர்கள் அவுட்டா, பழைய விதியா, புதிய விதியா என்று ஒரு மணி நேரம் இழுபறி. கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது. உலகம் அன்றுதான் லாபி விதியைக் கேள்விப்பட்டது. சின்னசேலம் பக்கத்து ரசிகர் அதற்காகப் பலமுறை சட்டை கிழித்துக்கொண்டவர்.

கல்லூரியும் சான்றிதழும்

கல்லூரி அணிக்கு ஊர் அணி அளவு கூட்டம் வராது, ஆனால் ஆட்டக்காரனின் வாழ்க்கை திரும்புவது அங்கேதான். 2021-க்குப் பின் கள்ளக்குறிச்சி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தன. அந்தப் பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்துத் தென்மண்டலப் போட்டி வரை போனால் கிடைக்கும் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. காவல்துறையிலோ ரயில்வேயிலோ சேர்ந்த ஓர் ஆட்டக்காரன் ஊரில் இருந்தால், அந்த ஊரில் அடுத்த பத்தாண்டுக்கு மைதானம் காலியாக இருக்காது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகாவும் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷும் தங்கம் வென்றபின், பெண் பிள்ளைகளை ஆட விடலாமா என்ற பேச்சும் கொஞ்சம் இளகியிருக்கிறது. ஊர்த் திருவிழாவில் பெண்கள் ஆட்டம் இன்னும் அபூர்வம்.

பாதுகாப்பு

ரசிகர் பேச விரும்பாத பகுதி இது. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிகுப்பத்தில் ரைடு போன கல்லூரி மாணவர் ஒருவர் களத்திலேயே உயிரிழந்தார். ஊர்ப் போட்டிகளில் பந்தல், ஒலிபெருக்கி, கோப்பை எல்லாவற்றுக்கும் ஆள் பொறுப்பு இருக்கும், முதலுதவிக்கு இருக்காது. எடைப் பிரிவில் நுழைய இரண்டு நாள் சோறு தண்ணீர் குறைத்துவிட்டு இரவெல்லாம் ஆடும் பழக்கமும் உண்டு. விழாக்குழுவினர் இதைப் படித்தால், பரிசுத் தொகையில் கொஞ்சம் குறைத்து, விடியும்வரை ஓர் ஆம்புலன்ஸ் நிற்க ஏற்பாடு செய்யுங்கள்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு: அனுமதிச் சீட்டு கிடையாது. நல்ல ஆட்டம் நள்ளிரவுக்குப் பிறகுதான் தொடங்கும். கோட்டை ஒட்டி உட்காராதீர்கள், பிடிபட்டவன் நேரே உங்கள் மடியில்தான் விழுவான்.