பாட்டுக்கு ஒரு விசாரணை

தில்லி அரசவையிலே ஒரு வழக்கு. கொலையல்ல, கொள்ளையல்ல, பாட்டுக் கேட்ட குற்றம்! விசாரிக்கப்பட்டவர் நிஜாமுதீன் அவுலியா. அரியணையில் கியாசுதீன் துக்ளக் (1320 - 1325).

சிஷ்தி மரபுச் சூஃபிகள் 'சமா' எனும் இசையரங்கை இறையன்புக்கு வழியென்றனர். அரபு நூல் கற்றிருக்க வேண்டியதில்லை. செவியும் நெஞ்சும் இருந்தால் போதும். மார்க்கச் சட்டத்தைத் தம் தனியுடைமையாகக் கருதிய உலமாக்கள் இதைப் பொறுப்பரோ? மன்னனிடம் முறையிட்டனர்.

விசாரணையிலே பெரியவர் நபிமொழியை எடுத்துக்காட்ட, 'அது வேண்டாம், அபூ ஹனிஃபாவின் சட்டக்கூற்று உண்டா?' என்ற பொருள்பட மடக்கினராம் சட்டம் கற்றோர். சியர்-உல்-அவுலியா எனும் நூல் தரும் செய்தி இது. வேதத்தினும் மனுவை உயர்த்திப் பிடிக்கும் வைதிகரைக் கண்ட நமக்கு, இதிலே வியப்பேது! மன்னன் தடைவிதிக்கவில்லை.

அதற்காக, பெரியவரைப் புரட்சிக்காரராக்கி மாலை சூட்டிவிட வேண்டாம், தோழர்களே! சமாவிலே பாடுபவர் வயதுவந்த ஆணாக இருக்கவேண்டும், பெண் கூடாது. இதுவும் அவர் வகுத்த நெறிதான். உலமாக்கள் அடைத்த கதவைத் திறந்தவர், பெண்ணுக்கு அதே கதவைச் சாத்தினார். பாடகன் நிலைதான் என்ன? பஞ்சாபிலே தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த மிராசிகள் 'தாழ்ந்தோர்' என்றே ஒதுக்கப்பட்டனர். அவர்கள் பாட்டுக்குத் தலையசைத்த சீமான், பெண் கொடுப்பானா? கொள்வானா?

1325இல் மன்னன் மாண்டான், நிஜாமுதீனும் மறைந்தார், அவருடைய சீடர் கவி அமீர் குஸ்ராவும் மறைந்தார். பாட்டு மடியவில்லை. பாட்டின்மீது கொண்ட பகையும் மடியவில்லை! 2016 ஜூன் 22, கராச்சி நகரிலே, கவ்வாலிப் பாடகர் அம்ஜத் சாப்ரி காரில் சென்றபோது சுட்டுக்கொல்லப்பட்டார். தாலிபான் பிரிவொன்று பொறுப்பேற்றது. 2017 பிப்ரவரி 16, சிந்து மாநிலச் செவான் நகரிலே, லால் ஷாபாஸ் கலந்தர் சமாதியில் முரசொலிக்கு மக்கள் ஆடும் 'தமால்' நேரத்தில் வெடித்தது குண்டு. மாண்டவர் எண்பதுக்கும் மேல்.

சமாதி வழிபாடு நமக்கு உடன்பாடல்ல. ஆயினும் முரசைக் கேட்டு ஆடவந்த ஏழைகளைக் கொல்வோன் எவனோ, அவன் பகுத்தறிவுக்கும் பகைவனே. சில நாட்களில், குருதி சிந்திய அதே இடத்தில், ஒருவர் தமால் ஆடினார். அவர் நடனக்கலைஞர் ஷீமா கிர்மானி, ஒரு பெண்.